அட்டையில் எழுதிய பெயர்: கோவையில் ஒரு மலைப்பொருள் கடை

கோவையில் பழைய மாவு மில் ஒன்றை ஒட்டி, நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவில் ஒரு மலைப்பொருள் கடை இருக்கிறது. தேன், மலைப்பூண்டு, சாமை, தினை என்று இப்போது எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் சரக்கு இங்கும் உண்டு. அவற்றுக்காக யாரும் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. நான் போனது காட்டுக் கிழங்குகளுக்காகவும், காட்டு மரங்களின் கொட்டைகளுக்கும் பருப்புகளுக்குமாகவும். தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை நான்கு முறை போய், வாங்கி வந்து, வீட்டில் சமைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இத்தகைய கடையை எடைபோடச் சுவையும் விலையும் மட்டும் போதாது. கத்தரிக்காயைப் பெயர் எழுதாமல் குவித்து வைத்தாலும் நமக்கு அடையாளம் தெரியும். மண் ஒட்டிய ஒரு காட்டுக் கிழங்கைப் பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று சொல்லத் தெரிந்தவர்கள் நகரத்தில் மிகவும் குறைவு. இலையும் கொடியும் காட்டிலேயே நின்றுவிட, கடைக்கு வந்து சேர்வது வேர் மட்டும்தான். வாங்குகிறவர் நம்புவதற்கு அட்டையில் எழுதிய பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பெயர் தவறினால் நல்ல கிழங்கு வீணாவதோடு போகாது. சில நேரங்களில் உயிருக்கே கேடு வரும். ஆகவே இந்தக் கடையின் சரக்கைப் பற்றிச் சொல்லும்போது, அது சரக்குக்கு இட்டிருக்கும் பெயர்களைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

வள்ளிக் கூடைகளின் முன்னே நின்றால்தான் இந்தக் கடையின் அருமை தெரியும். இன்று வள்ளி என்றதும் நம் நினைவுக்கு வருவது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்தை ஒட்டி நம் பக்கம் வந்தவை. இங்கே முன்பே இருந்த ஒரு கிழங்கின் பெயரை வாங்கிக்கொண்டு நிலைத்தவை. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைவன நான்கு என்று கபிலர் எண்ணிச் சொல்கையில், மூங்கில் நெல்லோடும் பலாப்பழத்தோடும் தேனோடும் அவர் சேர்த்துச் சொன்ன வள்ளி, மரங்களைச் சுற்றிக் கொடியாக ஏறி, நிலத்துக்குள் ஆழமாகக் கிழங்கிறக்கும் வேறொரு செடி. பெயர் பறிபோன அந்தப் பழைய வள்ளியைத்தான் இன்று ‘காட்டு’ என்ற அடைமொழி சேர்த்து அழைக்க வேண்டியிருக்கிறது. வந்து சேர்ந்தவையும் ஓரிடத்தில் ஒரு பெயராகத்தான் வாழ்கின்றன. மரவள்ளியைச் சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்றும், குமரி மாவட்டத்தில் மரச்சீனி என்றும் ஏழிலைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். கோவையில் சர்க்கரைவள்ளி, நெல்லையில் சீனிக்கிழங்கு, யாழ்ப்பாணத்தில் வற்றாளை. ஒரே மொழிக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, ‘காட்டு வள்ளி’ என்று மட்டும் எழுதிவைத்தால் வாங்குகிறவருக்கு ஒன்றும் விளங்காது.

இந்தக் கடை அப்படி எழுதவில்லை. தை மாதம் நான் போனபோது கவலை, நூறை என்று இரண்டு கூடைகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டை. அதில் பெயர், எந்த மலை, எந்த வாரம் தோண்டியது என்ற விவரம். அதற்கும் மேலாக, அந்தக் கொடியின் இலை ஒன்றைக் காயவைத்து அட்டையிலேயே ஒட்டியிருந்தார்கள். கவலையின் அட்டையில் வெற்றிலையை ஒத்த ஒற்றை இலை. நூறையின் அட்டையில், ஒரே காம்பிலிருந்து விரல்களைப் போல விரியும் ஐந்து சிற்றிலைகள். இந்த இலைகளைப் பார்த்ததும் எனக்கு உண்டான நிறைவைச் சொல்லி முடியாது. காட்டுவள்ளி இனத்தில் மூன்று சிற்றிலைகள் கொண்ட ஒரு கொடி உண்டு. அதன் கிழங்கைச் சீவி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சை வெளியேற்றாமல் தின்றால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். தோண்டி எடுத்த பிறகு கிழங்கை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது பழகாதவர்களுக்கு எளிதன்று. இலை கையில் இருந்தால் எண்ணிப் பார்த்துவிடலாம்.

கூடையிலிருந்த கிழங்குகளில் இன்னொன்றையும் கவனித்தேன். எல்லாவற்றிலும் மேல்நுனி வெட்டப்பட்டிருந்தது. கடையை நடத்தும் பெண்ணிடம் கேட்டபோது, கோத்தகிரிக்குக் கீழே உள்ள சரிவுகளில் தோண்டும் இருளர்கள் கிழங்கின் தலையைக் கொடியோடு மண்ணில் விட்டுக் குழியை மூடிவிட்டு வருவதாகவும், தலையோடு வரும் கிழங்கைத் தாம் வாங்குவதில்லை என்றும் சொன்னார். அந்தத் தலையிலிருந்து அடுத்த மழைக்குக் கொடி மீண்டும் துளிர்க்கும். கவலைக் கிழங்கு அகழ்ந்த குழிகளில் கொன்றைப் பூ உதிர்ந்து நிறைந்திருப்பதை, செல்வர் வீட்டில் பொன் வைத்த பேழை மூடி திறந்திருப்பதற்கு ஒப்பிட்ட சங்கப் பாடல் நினைவுக்கு வந்தது. அந்தக் குழிகளில் தலையை விட்டு வந்திருக்காவிட்டால் அந்தப் பெயரும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது.

சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவலையைத் தோலோடு வேகவைத்து உரித்தால் வெள்ளையாக, சற்றுக் கொழகொழப்பாக இருக்கும். உப்பும் மிளகும் தூவி அப்படியே உண்ணலாம். பச்சையாகத் தோல் சீவினால் கை அரிக்கும். நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சீவுவதே நல்லது. இதையும் அட்டையில் எழுதியிருந்தால் என் இடது கை ஒரு மாலைப்பொழுது முழுதும் அரித்திருக்காது. நூறையை நான் புளி சேர்த்துக் குழம்பு வைத்தேன். அதன் மணத்தை முதல் முறையாக அறிந்த என் மகள் மறுநாளும் அதே குழம்பைக் கேட்டாள்.

அடுத்து மாகாளிக் கிழங்கும் நன்னாரியும். இங்கேதான் முதல் தவறு நடந்தது. முதல் முறை நான் ‘நன்னாரி வேர்’ என்று எழுதிய பையொன்றைச் சர்பத்துக்காக வாங்கி வந்தேன். வீட்டில் கொட்டிப் பார்த்தால் இரண்டு வகை கலந்திருந்தது. ஒன்று, பென்சில் பருமன்கூட இல்லாமல், கறுத்த பட்டையில் வளையம் வளையமாக வெடிப்பு விழுந்து, நடுவில் குச்சி போன்ற நரம்போடு இருந்த வேர், அது நன்னாரி. மற்றொன்று கட்டைவிரல் பருமனில், சதைப்பற்றோடு வெட்டிக் காயவைத்த துண்டுகள், அது மாகாளி. இரண்டும் வேறு வேறு கொடிகள். இரண்டின் வேரிலும், வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினுக்கு நெருங்கிய உறவான ஒரே மணப்பொருள் இருப்பதால், மூக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். நன்னாரி என்ற பெயரில் மாகாளியைச் சேர்த்து விற்பது வேர்ச் சந்தையில் நெடுங்காலமாகவே நடந்து வருகிறது. குடித்தால் தீங்கு இல்லை. ஆனால் மாகாளி, வேரோடு அகழப்படுவதால் காடுகளில் அருகிவரும் கொடி. அதை ஊறுகாய்க்காகத் தேடி அலைகிறவர்கள் இருக்கையில், இன்னொன்றின் பெயரில் சர்பத்தில் கரைத்துவிடுவது அந்தக் கொடிக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்த முறை அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கடைக்காரப் பெண் மறுப்பு ஏதும் சொல்லவில்லை. இரண்டையும் தாள் விரித்துப் பிரித்தார். பணத்தைத் திருப்பித் தந்தார். மிச்சமிருந்த பைகளையும் அலமாரியிலிருந்து இறக்கினார். மாசி மாதம் நான் போனபோது மாகாளி தன் பெயரிலேயே, ஈரமணலில் புதைத்த நிலையில் இருந்தது. ஒரு கிலோ வாங்கி வந்து, தோல் சீவி, நடுநரம்பை நீக்கிப் பொடியாக நறுக்கி, கடுகுப் பொடியும் மிளகாயும் சேர்த்துப் புளித்த தயிரில் ஊறவைத்தேன். மூட்டைப்பூச்சி வாசம் என்று சிலர் முகம் சுளிக்கும் அந்த மணம் எங்கள் வீட்டில் பாட்டி காலத்து மணம். கிழங்கில் நார் இல்லை, வாடல் இல்லை. இவ்வளவு நல்ல மாகாளியை நான் பல ஆண்டுகளாகப் பார்த்ததில்லை.

முடவாட்டுக்காலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் வழியோரத்தில் அதன் சூப்பைக் குடித்தே இருப்பார்கள். கிழங்கு என்று எல்லோரும் சொன்னாலும் அது பாறைகளிலும் மரங்களிலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு. பழுப்பு நிற மயிர் அடர்ந்து ஆட்டுக்கால் போலவே இருக்கும். முடவனையும் ஆட்டுவிக்கும் கால் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இந்தக் கடையின் அட்டை அந்தப் பொருளையே மருத்துவ உறுதிமொழியாக மாற்றி, மூட்டுவலி முற்றிலும் தீரும் என்று அறிவிக்கிறது. இந்த ஒரு வரியை நீக்கிவிட வேண்டும். மயிரைச் சுரண்டி, சீரகம், மிளகு, சின்ன வெங்காயத்தோடு இடித்துப் போட்டால் நல்ல சூப்பு கிடைக்கும் என்று சொன்னாலே போதும். அது உண்மை, விற்கவும் செய்யும்.

கொட்டைகளும் பருப்புகளும் எதிர்ச் சுவரின் அலமாரியில் இருக்கின்றன. சாரைப்பருப்பு நன்றாக இருந்தது. துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக, தட்டையாக, மென்மையாக இருக்கும் அதை வடக்கே சிரோஞ்சி என்பார்கள். இங்கே நாட்டு மருந்துக் கடைகளில் சாரப்பருப்பு. அதன் சிறிய கனியின் கெட்டியான கொட்டையை ஒவ்வொன்றாக உடைத்துப் பருப்பை எடுக்க வேண்டியிருப்பதால் முந்திரியைவிட விலை கூடுதல். கடையின் அட்டை அதை ‘மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தது’ என்று ஒளிக்காமல் சொல்கிறது. மலைப்பொருள் கடையில் எல்லாமே நம் மலையிலிருந்துதான் வந்தது என்று எண்ண வைப்பது எளிது. இவர்கள் அதைச் செய்யவில்லை.

நாட்டு வாதுமையும் அப்படியே. பள்ளிக்கூட வாசலில் நின்று, சிவந்த பெரிய இலைகளை உதிர்க்கும் அந்த மரத்தின் காயைக் கல்லால் தட்டி உடைத்துத் தின்றவர்கள் நம்மில் ஏராளம். உடைத்து எடுத்த பருப்பை இவர்கள் சிறு புட்டிகளில் வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்தால், சுருட்டிய வெற்றிலையைப் போல உள்ளிதழ்கள் சுற்றிச் சுற்றி விரியும். பாதாம் பருப்பு அப்படி விரியாது, இரண்டாகப் பிளக்கும். வாதுமை என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்கினாலும், பிளந்து பார்த்தால் எது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். முந்திரிக்கும் இப்படி ஒரு பெயர்க் கதை உண்டு. திராட்சையைக் கொடிமுந்திரி என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம் இங்கே வேரூன்றியபோது தமிழகத்தில் முந்திரி என்ற சொல் மரத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இலங்கைத் தமிழில் இன்றும் முந்திரிகை என்றால் திராட்சை, மரமுந்திரிகை என்றால் முந்திரி.

சேங்கொட்டையைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். கேட்டால் மட்டுமே எடுத்துக் காட்டுகிறார்கள். முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் ஓட்டிலுள்ள நெய் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். வண்ணார்கள் துணியில் அழியாத குறியிடப் பயன்படுத்தியது இந்த நெய்யைத்தான். தேற்றாங்கொட்டையின் அட்டையில் ‘தின்பதற்கு அன்று, நீர் தெளிய’ என்று எழுதியிருக்கிறார்கள். கலங்கிய நீரைத் தேற்றுவதால் தேற்றான். அதன் நெருங்கிய உறவான எட்டியின் கொட்டை கொடிய நஞ்சு. அதைக் கடைக்குள்ளேயே விடுவதில்லை என்றார்கள். இவ்வளவு கவனமாக இருப்பவர்கள்தாம் அடுத்து நான் சொல்லப் போகும் தவறையும் செய்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதே அலமாரியின் நடுவில், நல்ல காகிதப் பையில், ‘காட்டு பாதாம்’ என்று ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. கறுப்பு நிறத்தில், நெல்லிக்காயைவிடச் சற்றுச் சிறிய, நீண்டு உருண்ட விதைகள். பையின் அருகே அழகுக்காக அதன் காயையும் வைத்திருந்தார்கள்: படகுபோல் வாய் திறந்து, உள்ளும் புறமும் சிவந்த கட்டையான காய். பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது பீநாறி மரத்தின் காய். குதிரைப்பிடுக்கன் என்றும் சொல்வார்கள். பூக்கும் காலத்தில் அந்த மரத்தடியில் நிற்க முடியாது. தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு இட்ட ஸ்டெர்குலியா ஃபெட்டிடா என்ற பெயரும் அதே நாற்றத்தைத்தான் சொல்கிறது. விதை நல்ல விதைதான். வறுத்தால் வேர்க்கடலையின் மணம் வரும். ஆனால் பச்சையாக உண்ணக் கூடாது. பாதாம் என்ற பெயரைக் கண்டு, பாதாமைப் போல இரவில் ஊறவைத்துக் காலையில் பச்சையாக மென்று தின்னத்தானே நம்மில் பலருக்குத் தோன்றும்? வறுக்க வேண்டும் என்று பையின் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வடக்கே ஜங்லி பாதாம் என்று இந்த விதையை மட்டும் சொல்வதில்லை; மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நீரடிமுத்தையும் அதே பெயரால் அழைப்பார்கள். கேரள எல்லையில் அதற்கு மரோட்டி என்று பெயர். 1940களில் சல்போன் மருந்துகள் வரும் வரை தொழுநோய்க்கு அதன் எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். காயை இடித்து நீரில் போட்டு மீனை மயங்கவைப்பதும் உண்டு. அந்த விதை உண்ணத் தக்கதன்று. இன்று ‘காட்டு பாதாம்’ என்ற பெயருக்குப் பழகிய ஒருவர், நாளை வேறொரு கடையில், அல்லது மலைப்பாதையில் தாமே பொறுக்கும்போது, அதே பெயரில் நீரடிமுத்தைக் கையிலெடுக்க மாட்டார் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

கடைக்காரப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். “உண்மையான பேரை எழுதினா யாரு வாங்குவாங்கக்கா? கையில எடுத்துட்டு, பேரைப் படிச்சுட்டு, கீழ வெச்சுட்டுப் போயிடறாங்கக்கா” என்றார். அவருடைய சிரமம் எனக்குப் புரிகிறது. பீநாறி என்று எழுதிவிட்டாலும் குழப்பம் முழுதும் தீராது. தீக்குச்சிக்கு வெட்டும் பெருமரத்தையும் சில ஊர்களில் பீநாறி என்றே சொல்வார்கள். அதற்காகக் கேட்க இனிமையான ஒரு பெயரைத் தாமே சூட்டிவிடுவது சரியாகாது. வள்ளிக்கு இலையை ஒட்டிய அதே கை இதற்கும் காயின் படத்தை ஒட்டலாம். மரத்தின் ஊர்ப்பெயர்கள் இரண்டையும், தாவரவியல் பெயரையும், ‘வறுத்து மட்டும் உண்ணவும்’ என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதலாம். அட்டையில் அதற்கு இடம் இருக்கிறது.

கிழங்கு என்று முடியும் பெயரெல்லாம் உணவின் பெயராகாது என்பதை இந்தக் கடை நன்றாகவே அறிந்திருக்கிறது. செங்காந்தளின் கிழங்குக்குக் கார்த்திகைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று எத்தனையோ பெயர்கள். நம் மாநிலப் பூவைத் தரும் அந்தக் கொடியின் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணித் தின்று இறந்தவர்கள் உண்டு. அதைக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். கருணைக்கும் சேனைக்கும் இடையே மாவட்டத்துக்கு மாவட்டம் பெயர் மாறுவதால், இங்கே இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

சித்திரையில் கொட்டிக் கிழங்கு வந்திருந்தது. குளம் வற்றினாலும் கொட்டியும் ஆம்பலும் விட்டுப் போவதில்லை என்று ஔவை சொன்ன அதே கொட்டி. சிறு உருண்டைகளாக, சேறு கழுவாமல் இருந்தது. கழுவி அவித்துத் தோலுரிப்பதற்குள் பொறுமை போய்விடும், ஆனால் வாயில் போட்டால் மாவாகக் கரையும். கூவைக் கிழங்கு மாவையும் வாங்கினேன். அரோரூட் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது பல நேரங்களில் மரவள்ளி மாவாகவோ சோள மாவாகவோ இருப்பதால் முதலில் எனக்கு ஐயம் இருந்தது. தண்ணீரில் கரைத்துக் காய்ச்சியபோது கண்ணாடிபோலத் தெளிந்த கூழாக வந்தது. அட்டையில் ‘கூவை’ என்று மட்டும் இருக்கிறது; மஞ்சள் இனத்துக் கூவையா, தோட்டத்தில் நடும் அரோரூட்டா என்பதையும் எழுதினால் நன்று.

விலை, சந்தை விலையைவிடக் கூடுதல்தான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேர், கிழங்கு உள்ளிட்ட சிறுவனப் பொருட்களின் மீது காட்டில் வாழும் மக்களுக்கு உடைமை உரிமை தந்திருக்கிறது. நான் தரும் பணத்தில் எவ்வளவு தோண்டியவரின் கைக்குப் போகிறது என்பதைக் கடை எங்கும் எழுதியிருக்கவில்லை. மலையின் பெயரையும் தோண்டிய வாரத்தையும் எழுதுகிறவர்கள் இதையும் எழுதினால் அந்த விலையை நான் முழு மனத்தோடு தருவேன்.

போக விரும்புகிறவர்கள் தை, மாசியில் போங்கள். கொடி காய்ந்து கிழங்கு முற்றியிருக்கும் காலம் அது. துணிப்பை கொண்டு போங்கள். அட்டையில் இலை ஒட்டாத கூடை எதையாவது கண்டால் இலையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தேடி எடுத்துக் காட்டுகிறார்கள். வள்ளிக்கும் மாகாளிக்கும் இந்தக் கடையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். காட்டு பாதாம் பையை மட்டும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். சித்திரை கடைசியில் நான் போனபோதும் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. ஆனால் பையின் மேல் பேனாவால், பெரிய எழுத்தில், ‘வறுத்துத் தின்னவும்’ என்று எழுதியிருந்தார்கள்.